மாதி கட்டிய பூச்சி

“சாயம் பிடிக்க மாட்டேங்குது, யோகம்மா.”

மரியசூசை ஒரு பாலித்தீன் பையை நீட்டினார். உள்ளே கோழி இறகுகள். பாதி மஞ்சள், பாதி வெள்ளை, நடுவில் திட்டுத் திட்டாக ஏதோ ஒரு நிறம்.

யோகேஸ்வரி பையை வாங்கவில்லை. எட்டி மட்டும் பார்த்தாள்.

“கோழிக்குச் சொறி வந்த மாதிரி இருக்கு.”

“கிண்டல் பண்ணாதீங்கம்மா. சனிக்கிழமை காலையில வேணும்.”

“இன்னிக்கு செவ்வாய்தானே?”

“அதைத்தான் சொல்றேன்!”

அவள் குரு, இவர் சீடர். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று. சீடர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவின் ஐந்து வயதில், மூக்கைப் பிடித்து ரோஸ் நிற மருந்தை விழுங்க வைத்தவரும் அவர்தான். அதை இருவருமே மறக்கவில்லை.

யோகேஸ்வரி ஊட்டியில் கம்பளி நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவள். இப்போது வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், இறகுக்கும் முயல் ரோமத்துக்கும் சாயம் போடுகிறாள். மலை ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்கள் அவளைத் தேடி வருவார்கள்.

அந்த மீனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தண்ணீர்மேல் வந்து உட்காரும் பூச்சியை எட்டிப் பிடித்துத் தின்னும். அதனால் தூண்டில் முள்ளில் இறகையும் ரோமத்தையும் நூலால் சுற்றி, பூச்சி மாதிரியே கட்டி வீசுவார்கள். இந்த மஞ்சளா, அந்த மஞ்சளா என்று அதிலேயே ஆயுளைக் கழித்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

யோகேஸ்வரி ஒரு வெள்ளை இறகை எடுத்துத் தண்ணீர்ப் பேசினில் போட்டாள். அது மிதந்தது.

“பாருங்க.”

“பார்த்தேன். மிதக்குது.”

“கழுவினீங்களா?”

“கழுவினேனே.”

“எவ்வளவு நேரம்?”

மரியசூசை கொட்டகையின் கூரையைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம் இருக்கும். நேரம் இல்லம்மா.”

“கோழி உடம்பு எண்ணெய் இன்னும் இதுல இருக்கு. தண்ணியே உள்ள போகல, சாயம் எங்க போகும்? சோப்புத் தண்ணியில ஊறப் போடுங்க. அதுவாவே அடியில போகணும். அமுக்கக் கூடாது.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“இறகைக் கேளுங்க.”

அவர் முனகிக்கொண்டே கிளம்பினார். வாசல் வரை போனவரை அவள் கூப்பிட்டாள்.

“கம்பவுண்டர் ஐயா, யாருக்கு இது?”

“ஒரு சிநேகிதருக்கு,” என்றார் அவர். “பரிசு.”

சொல்லும்போது அவர் முகம் போன போக்கு, பரிசு கொடுக்கப்போகிற ஆள் முகம் மாதிரி இல்லை.

*

உண்மை இதுதான்.

அவருடைய சிநேகிதர் போஜன். பக்கத்து மேட்டிலிருக்கும் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். இருவரும் முப்பது வருஷமாக ஒரே ஓடையில் தூண்டில் வீசியவர்கள்.

போஜனின் மனைவி மாதி, இந்தத் தூண்டில் பைத்தியத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தவள். ஒரு மழைக்காலத்தில், “நீங்க கட்டுறதெல்லாம் பூச்சியா?” என்று கேட்டு, தானே உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தாள். சேவல் இறகை அடுப்பில் வெங்காயத் தோலோடு போட்டாள். இன்னும் என்னென்னவோ போட்டாள். மஞ்சளும் இல்லாத, பச்சையும் இல்லாத ஒரு நிறம் வந்தது. அந்தப் பூச்சியைக் கண்டால் மீன்கள் வரிசையில் நின்றன.

மாதி இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவள் கட்டியதில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. போஜன் அதை ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சுமேல் வைத்திருந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போஜனை மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகிறான். நெஞ்சில் ஆபரேஷன். அதற்குப் பிறகு மகன் வீட்டோடுதான். இனிமேல் குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சனிக்கிழமை ஒரு நாள், கடைசியாக ஒரு நாள், மாதி கட்டிய பூச்சியை வீச வேண்டும் என்று போஜன் ஆசைப்பட்டார்.

முள் மழுங்கியிருந்தது. “உன் கை நேர்த்தியான கை. கொஞ்சம் தீட்டிக் குடு, சூசை,” என்று டப்பாவை மரியசூசையிடம் கொடுத்தார். “பத்திரம்.”

திங்கட்கிழமை காலை மரியசூசை அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போனார். முள்ளைத் தீட்ட ஓடைக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்காதீர்கள். மாதி கட்டிய நாளிலிருந்து அந்தப் பூச்சியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஒரே ஒரு தடவை, தன் கையால்.

தூண்டில் நரம்பு அறுந்தது. பூச்சி போய்விட்டது.

எப்படிப் போனது என்பதை அவர் நினைக்கவே பயந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போஜன் போன் செய்தார்.

“தீட்டிட்டியா?”

“தீட்டிட்டேன்,” என்றார் மரியசூசை. அவருக்கு எதிரே சோப்புத் தண்ணீரில் நாற்பது இறகுகள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட அடியில் போகவில்லை.

*

புதன்கிழமை அவர் வேறொரு பையோடு வந்தார். உள்ளே, வறுத்த கருவாடு மாதிரி சுருண்ட எதுவோ ஒன்று.

“இது என்ன?” என்றாள் யோகேஸ்வரி.

“முயல் தோல். ரோமத்தோட.”

“கொதிக்க விட்டீங்களா?”

“சூடு சரியா இருக்கணும்னு தெர்மாமீட்டர் வச்சேம்மா.”

“எந்தத் தெர்மாமீட்டர்?”

மரியசூசை பையின் வாயைச் சுருட்டினார். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் அது. அடுப்புச் சட்டிக்குள் வைத்த மறு நொடி பட்டென்று தெறித்துவிட்டது. சட்டி, சாயம், இறகு எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அந்தப் பதற்றத்தில்தான் பக்கத்து அடுப்பில் இருந்த முயல் தோல் கொதித்துப்போனது.

முப்பத்தைந்து வருஷம் தெர்மாமீட்டரை உதறி உதறியே பிழைத்தவர். அவருக்குப் போய் இப்படி.

யோகேஸ்வரி சிரிக்கவில்லை. தன் சாயச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். அவரைப் பக்கத்தில் நிறுத்தினாள். இருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சட்டியின் அடியில் கடுகு கடுகாகக் குமிழி ஒட்டியது.

அவள் தீயைக் குறைத்தாள்.

“இதுக்கு மேல போனா?” என்றார் அவர்.

“தோல் சுருங்கும். இறகு முறுக்கிக்கும்.”

“இதுக்குக் கீழ இருந்தா?”

“சாயம் ஏறாது.”

“எத்தனை டிகிரி?”

அவள் குமிழிகளைக் காட்டினாள்.

மரியசூசை நோட்டை எடுத்து, ‘குமிழி, கடுகு அளவு’ என்று எழுதிக்கொண்டார். அவரிடம் எப்போதும் நோட்டு உண்டு. வெங்காயத் தோல் எத்தனை கிராம், வினிகர் எத்தனை சொட்டு, துருப்பிடித்த ஆணி போட்டால் எத்தனை நிமிஷத்தில் பச்சை திரும்பும், எல்லாம் அதில் இருந்தது.

“எந்தக் கலரு வேணும் உங்களுக்கு?”

“வெங்காயத் தோல் கலர்.”

“அது சுலபமாச்சே.”

“அது இல்லம்மா. அதுல கொஞ்சம் பச்சை. பாசிப் பச்சை. பாசின்னா அந்தப் பாசி இல்ல. வெயில்ல பார்த்தா ஒரு மாதிரி, நிழல்ல பார்த்தா...” அவர் விரல்களைக் காற்றில் தேய்த்தார். “கண்ணுக்குள்ள இருக்கு. வாயில வரல.”

“மாதிரிக்கு ஒண்ணு கொண்டாங்களேன்.”

“அது... இப்போ கைவசம் இல்ல.”

யோகேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வெங்காயத் தோல் கூடையை அவர் பக்கம் தள்ளினாள்.

*

வியாழக்கிழமை முழுவதும் மரியசூசை கொட்டகையிலேயே இருந்தார்.

இறகுகள் அடியில் போயின. தண்ணீர் கடுகுக் குமிழியில் நின்றது. நிறமும் ஏறியது. அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இடுக்கியால் ஓர் இறகைத் தூக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார், திரும்பப் போட்டார், தூக்கினார்.

“ஆஸ்பத்திரியில பேஷண்டையும் இப்படித்தான் எழுப்பி எழுப்பி, தூங்கிட்டியா தூங்கிட்டியான்னு கேப்பீங்களா?” என்றாள் யோகேஸ்வரி.

“அதிகமாயிடுச்சுன்னா?”

“ஆகட்டும்.”

“ஆகக் கூடாதும்மா!”

அவர் குரல் உடைந்தது. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. யோகேஸ்வரி டீ போட்டுக் கொடுத்தாள்.

டீயைக் குடிக்கிறபோது போன் அடித்தது.

“சூசை, டப்பாவை நாளைக்கு வந்து வாங்கிக்கவா?”

“வேணாம், போஜா. நானே சனிக்கிழமை கொண்டாரேன். நீ நடக்காதே. நெஞ்சுக்கு ஆகாது.”

“முள்ளு எப்படி இருக்கு?”

“ஊசி மாதிரி இருக்கு.”

“அவ பூச்சி?”

“அப்படியே இருக்கு,” என்றார் மரியசூசை.

போனை வைத்த வேகத்தில் டீ தட்டில் சிந்தியது. ஒரு பொய்யை ஒரு தடவை சொல்வது ஒன்று. அதற்குத் தினமும் சோறு போட்டு வளர்ப்பது வேறு. அந்த மனிதர் பாவம், நாலு நாளில் பாதியாக இளைத்துப்போயிருந்தார்.

சட்டியில் இருந்த இறகை எடுத்துப் பார்த்தார். “இதுதான்!” என்று கத்தினார். ஓடிப்போய் அலசினார், பழைய செய்தித்தாளில் வைத்து ஒற்றினார், முடி உலர்த்துகிற மெஷினால் காற்றடித்தார். ஈரம் போகப் போக நிறமும் வெளுத்தது. காய்ந்து முடித்தபோது அது வேறு ஏதோ ஓர் இறகு.

“ஈரத்துல சரியா இருந்துச்சே!”

“ஈரத்துல எல்லாமே ஒரு படி கருத்துத் தெரியும்.”

“அப்போ நான் பார்த்தது ஈரத்துலயா, காஞ்சதா?” அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். டப்பாவைத் திறந்து பஞ்சுமேல் பார்த்தது காய்ந்த நிறம். முன்பெல்லாம் போஜனின் தூண்டிலில் பார்த்தது ஈர நிறம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நாலு நாளாகச் சட்டியைக் கிளறியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வரை நோட்டில் பதினேழு வரிகள் எழுதினார்.

*

வெள்ளிக்கிழமை காலை, ஓர் அட்டையைக் கொண்டுவந்து யோகேஸ்வரியின் முன்னால் வைத்தார். பதினேழு இறகுகள், வரிசையாக நூலில் கோத்தவை. ஒவ்வொன்றுக்கும் கீழே பேனாவில் எண், நிமிஷம், சொட்டு. பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பயம் அவர் முகத்தில் இருந்தது.

“எது, யோகம்மா?”

“என்னைக் கேட்டா?”

“நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. எதுன்னு சொல்லுங்க. இன்னிக்கே கட்டணும். கட்டுறதுக்கே ரெண்டு மணி நேரம் ஆகும்.”

யோகேஸ்வரி அட்டையை எடுத்தாள். பேசின் தண்ணீரில் முக்கினாள்.

“ஐயோ, அம்மா!”

மை கரைந்து ஓடியது. எண்ணும் போயிற்று, நிமிஷமும் போயிற்று. அட்டை ஊறிப் பிரிந்தது. நூல் கழன்ற இறகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடியில் போய்ப் படிந்தன.

மரியசூசை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

“இப்போ எது?” என்றாள் யோகேஸ்வரி.

அவர் குனிந்து பார்த்தார். நாலைந்து வெகு கிட்டத்தில் இருந்தன. இதுவாகவும் இருக்கலாம். அதுவாகவும் இருக்கலாம்.

“தெரியல.”

“கட்டினவங்க யாரு?”

“இறந்துட்டாங்க.”

“வச்சிருந்தவங்க?”

அவர் விரலால் தண்ணீரைக் கிளறினார்.

“அவருக்குக் கண்ணு தெரியுமா?”

“நல்லாவே தெரியும்.”

யோகேஸ்வரி அடுப்பை அணைத்தாள். பேசினிலிருந்து அந்த நாலைந்து இறகுகளை எடுத்து, பிழியாமல், சொட்டச் சொட்ட அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“போங்க,” என்றாள். “காஞ்சிடும்.”

*

ஹட்டிக்கு இருபது நிமிஷ ஏற்றம். மரியசூசை அதைப் பதினைந்து நிமிஷத்தில் ஏறினார்.

ஏறுகிற வழியெல்லாம் உள்ளங்கையைத் திறந்து திறந்து பார்த்தார். வெயில் படப் பட இறகுகள் வெளுத்தன. ஒரு தடவை நின்று, குழாயடியில் நனைத்துக்கொண்டார். இன்னொரு தடவை, திரும்பிப் போய்விடலாமா என்று நின்றார். என்ன சொல்வது? தீட்டும்போது முள் உடைந்துவிட்டது என்று சொல்லலாம். டப்பாவை எலி இழுத்துப்போயிற்று என்று சொல்லலாம். அவர் அவ்வளவு தூரம் யோசித்தார் என்பது உண்மை. நல்ல மனிதர்தான். பயம் வந்தால் யாருக்கும் எலி ஞாபகம் வரும்.

போஜன் வீட்டு முற்றத்தில் இருந்தார். கயிறு கட்டிய பெட்டிகள் சுவரோரம் இருந்தன. நடுவில் உட்கார்ந்து, தண்ணீரில் இறங்கும்போது போடுகிற ரப்பர் பூட்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வா, சூசை! நாளைக்குத்தானே வர்றேன்னே? மூச்சு வாங்குது பாரு. உட்காரு.”

மரியசூசை உட்காரவில்லை.

“போஜா, பூச்சி இல்ல.”

“எந்தப் பூச்சி?”

“அண்ணி கட்டினது. போயிடுச்சு. திங்கக்கிழமையே போயிடுச்சு. போன்ல சொன்னதெல்லாம் பொய்.”

போஜன் துடைப்பதை நிறுத்தினார். பூட்ஸைக் கீழே வைத்தார்.

“மாதி கட்டினதுல அது ஒண்ணுதான் இருந்துச்சு,” என்றார். குரல் அவருடைய குரல் மாதிரியே இல்லை.

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் குடுத்தேன் உன்கிட்ட.”

மரியசூசைக்குக் கண் நிறைந்தது. வலது கையைத் திறந்து நீட்டினார். “யோகம்மாகிட்ட போய் சாயம் போடக் கத்துக்கிட்டேன், போஜா. நாலு நாளாப் போடறேன். இதுல எது அண்ணி கலருன்னு சொல்லு. இதுல இல்லன்னா எது கூட, எது குறைச்சல்னு சொல்லு. இன்னிக்கே கட்டித் தர்றேன்.”

போஜன் இறகுகளைப் பார்க்கவில்லை.

“எங்க போச்சு?”

“பாலத்துக்குக் கீழ. கருங்கல் மடுவுல.”

“அங்க எதுக்குக் கொண்டு போனே?”

“வீசினேன். ஒரே ஒரு தடவை வீசணும்னு தோணிச்சு. என் புத்தி.”

போஜன் தலையை ஆட்டினார். அது கோபமா, வேதனையா என்று தெரியவில்லை. உள்ளே, கூட்டிப்போக வந்திருந்த மருமகள் பாத்திரம் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. மரியசூசை நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றார்.

“மரத்துல மாட்டிச்சா?” என்றார் போஜன்.

“இல்ல.”

“அடிப் பாறையிலயா?”

“இல்ல.”

போஜன் முதல் தடவையாக முகத்தை நிமிர்த்தினார்.

“மீனா?”

மரியசூசை தலையை மட்டும் அசைத்தார்.

“மீன் இழுத்ததுல முள்ளு நிமிர்ந்துச்சா?”

“இல்ல. நரம்புதான் அறுந்துச்சு. நான் போட்ட முடிச்சுல.”

“அவ முடிச்சுல இல்லையே?”

“அண்ணி கட்டினது ஒண்ணும் ஆகல. எல்லாம் என் முடிச்சு.”

போஜன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நன்றாக அழுத்தித் துடைத்தார். பிறகு வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

“எவ்வளவு பெரிசு?”

மரியசூசை கையிலிருந்த இறகுகளைத் தரையில் வைத்தார். இரண்டு கைகளையும் விரித்தார்.